மனநல நர்சிங் பட்டப்படிப்பைப் படிப்பது எப்படி

மற்ற வார்டுகளில் நோயாளியின் நிலையைச் சொல்ல மானிட்டரும் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. மனநல வார்டில் அந்த வேலையின் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் வருகிறது. அவர் எப்படி நடந்தார், என்ன சொன்னார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து, கேட்டு, உங்கள் கருத்தைக் கலக்காமல் எழுத வேண்டும். இந்தப் படிப்பின் அடித்தளம் இதுதான். நோய்களின் வரையறைகளை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, இந்தப் பழக்கத்தைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் மாணவர்கள்தான் செய்முறைத் தேர்வில் திணறுகிறார்கள். வரையறையை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். கவனிக்கும் பழக்கம் வர மாதங்கள் ஆகும்.

சேருவதற்கு முன்

இந்தப் பட்டத்துக்கு இரண்டு பாதைகள் உண்டு. பிரிட்டன், அயர்லாந்து போன்ற நாடுகளில் தொடக்கத்திலிருந்தே மனநல நர்சிங்கில் இளங்கலை படிக்கலாம். இந்தியா உட்படப் பல நாடுகளில் பொது நர்சிங் முடித்த பிறகு முதுகலையிலோ டிப்ளமோவிலோ மனநலத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்க வேண்டும். எந்தப் பாதையானாலும், இந்தப் பட்டத்தை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. உளவியல், மனநல ஆய்வு என்ற பெயர்களில் வரும் பட்டங்கள் நல்ல படிப்புகளாக இருக்கலாம். ஆனால் அவை உங்களை நர்ஸ் ஆக்குவதில்லை. வெளிநாட்டு வேலை மனதில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். மனநலப் பிரிவில் மட்டும் பதிவு பெற்றவரிடம், பொது நர்ஸாக மட்டுமே பதிவு தரும் நாடுகள் கூடுதல் படிப்பு கேட்கும்.

அடுத்து, பயிற்சி எங்கெங்கே நடக்கிறது என்று கேளுங்கள். தீவிர சிகிச்சை வார்டு, சமூக மனநலக் குழு, முதியோர், குழந்தைகள், போதை மீட்பு ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஒரே நீண்டகால வார்டில் மூன்று ஆண்டு கழித்தவருக்கு, அன்றைக்கே சேர்க்கப்பட்ட நோயாளியின் கொந்தளிப்பு எப்படியிருக்கும் என்று தெரியாமலே போய்விடும்.

மனநிலைப் பரிசோதனையை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்

தோற்றமும் நடத்தையும், பேச்சு, மனநிலை, சிந்தனை, புலனுணர்வு, அறிவாற்றல், தன் நோயைப் பற்றிய தெளிவும் முடிவெடுக்கும் திறனும் என்று இந்தப் பரிசோதனைக்கு ஏழு தலைப்புகள். தலைப்புகளைக் கற்க ஒரு நாள் போதும். ஒவ்வொன்றின் கீழும் என்ன எழுதுவது என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன.

மிகப் பொதுவான தவறு, பார்த்ததை எழுதாமல் முடிவை எழுதுவது. “முரட்டுத்தனமாக நடந்துகொண்டார்” என்று எழுதினால் அடுத்த ஷிப்டில் வருபவருக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. “காலை 10.20க்கு உள்ளங்கையால் மேசையை இரண்டு முறை தட்டினார். ‘என்னை வீட்டுக்கு அனுப்புங்க’ என்று உரத்த குரலில் மூன்று முறை சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உட்கார்ந்தார்” என்று எழுதிப் பாருங்கள். எது தூண்டியது, எது அமைதிப்படுத்தியது என்று இரண்டும் அதில் இருக்கின்றன.

இரண்டாவது குழப்பம், அவர் சொல்லும் மனநிலையையும் உங்களுக்குத் தெரியும் உணர்ச்சியையும் ஒன்றாக்கிவிடுவது. முன்னது அவருடைய வார்த்தை. அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுத வேண்டும். பின்னது உங்கள் கண்ணில் பட்டது. “நல்லா இருக்கேன்” என்று அசையாத முகத்தோடு ஒருவர் சொன்னால், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் செய்தி. சிந்தனையிலும் இதேபோல வடிவம் வேறு, உள்ளடக்கம் வேறு. எண்ணங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துவருகின்றன என்பது வடிவம். மருட்சி (சான்று காட்டினாலும் மாறாத பொய்யான நம்பிக்கை), குற்ற உணர்வு, தற்கொலை எண்ணம் எல்லாம் உள்ளடக்கம்.

கவனத்தைச் சோதிக்க 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது வழக்கம். 93, 86, 79, 72, 65 என்று போகும். பள்ளிக்கே போகாதவரிடம் இதைக் கேட்டால் சோதிக்கப்படுவது கணக்குதான். அவரிடம் வார நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கல்லூரி தரும் நேர்காணல் வீடியோவின் முதல் இரண்டு நிமிடங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, தோற்றத்தையும் நடத்தையையும் மட்டும் எழுதுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் அதே இரண்டு நிமிடங்களைக் கேட்டு, பேச்சின் வேகம், அளவு, தொனி ஆகியவற்றை எழுதுங்கள். கூடப் படிப்பவர் எழுதியதோடு ஒப்பிடுங்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம். இரண்டு பேர் எழுதியதும் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் யாரோ ஒருவர் தன் ஊகத்தைக் கலந்திருக்கிறார்.

பேசக் கற்பது

மருட்சியோடு வாதிடவும் கூடாது, ஒத்துப்போகவும் கூடாது. இந்த விதியை எல்லோரும் எழுதுவார்கள். வாயில் வருவதற்குத்தான் பழக்கம் வேண்டும். “சாப்பாட்டுல விஷம் கலக்குறாங்க” என்று ஒருவர் சொல்கிறார். “அப்படியெல்லாம் யாரும் கலக்க மாட்டாங்க” என்றால் நீங்களும் எதிரணி ஆகிவிட்டீர்கள். “அப்படி நினைக்கும்போது ஒரு வாய் எடுத்து வைக்கவே பயமா இருக்குமே. இன்னைக்கு எதையாவது சாப்பிட முடிஞ்சுதா?” என்று கேட்டால் பயத்துக்கு மதிப்புக் கொடுத்தாயிற்று, மருட்சிக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை, அவர் சாப்பிட்டாரா என்பதும் தெரிந்துவிடும். குரல் கேட்கிறது என்பவரிடம், “எனக்கு அது கேக்கல. உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. என்ன சொல்லுது?” என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லிக் கட்டளையிடும் குரலா என்பது அதில்தான் தெரியவரும்.

“ஏன்” என்று தொடங்கும் கேள்விகள் விசாரணைபோல ஒலிக்கும். “ஏன் மாத்திரையை நிறுத்தினீங்க?” என்பதைவிட “மாத்திரை சாப்பிட்டப்போ எப்படி இருந்துச்சு?” என்பதற்கு நீளமான பதில் வரும். மௌனம் வந்தால் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். புதியவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் வாயைத் திறந்துவிடுகிறார்கள், நோயாளி சொல்லவிருந்தது போய்விடுகிறது.

தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் கேட்கப்பட்டதே ஆறுதலாக இருக்கிறது. “அப்படியெல்லாம் எதுவும் நினைக்கலையே?” என்று கேட்பது, ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே வாயில் ஊட்டுவது. “உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?” என்று கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, திட்டம் உண்டா, அதற்கான வழி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, எது அவரைப் பிடித்து நிறுத்துகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ரகசியமாக வைப்பேன் என்று வாக்குத் தராதீர்கள். பேச்சைத் தொடங்கும்போதே, உயிருக்கு ஆபத்து என்றால் குழுவிடம் சொல்லியாக வேண்டும் என்று தெரிவித்துவிடுங்கள். அவரைத் தனியே விடாமல், உடனே பொறுப்பு நர்ஸிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, பிறகு அவருடைய வார்த்தைகளிலேயே எழுதுங்கள். மாணவர் இந்தச் சுமையைத் தனியாகத் தூக்கக் கூடாது.

இந்தப் பேச்சுகளைச் சீர்படுத்தத்தான் பிராசஸ் ரெக்கார்டிங், அதாவது நோயாளியோடு நடந்த உரையாடலை வரிவரியாக எழுதிப் பார்க்கும் பயிற்சி, இருக்கிறது. பக்கத்தை ஐந்து பத்திகளாகப் பிரியுங்கள். அவர் சொன்னது, நான் சொன்னது, உடல்மொழி, அப்போது எனக்குள் தோன்றியது, வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம். பத்துப் பதினைந்து நிமிட உரையாடல் போதும். நோயாளி முன்னால் குறிப்பெடுக்காமல், முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். மாலைவரை தள்ளினால் நினைவு உங்களுக்குச் சாதகமாக உரையாடலைத் திருத்திவிடும். எல்லாமே சரியாக நடந்ததுபோல எழுதப்பட்ட ரெக்கார்டிங்கை ஆசிரியர் இரண்டு வரியில் கண்டுபிடிப்பார். தடுமாறிய இடத்தை அப்படியே எழுதி, கடைசிப் பத்தியை நன்றாக நிரப்பியவருக்குத்தான் மதிப்பெண்.

மருந்துகள்

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். வகைக்கு ஓர் அட்டை போடுங்கள். எதற்குத் தருகிறோம், பலன் தெரிய எவ்வளவு நாள், நோயாளி என்ன குறை சொல்வார், நான் என்ன அளக்க வேண்டும், எதைக் கண்டால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்ற ஐந்து வரி. மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், பக்கவிளைவோ முதல் நாளிலேயே வரலாம். இந்த இடைவெளியை முன்கூட்டியே விளக்காததால்தான் பலர் இரண்டாம் வாரத்தில் மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

மனச்சிதைவு மருந்துகளின் பக்கவிளைவுகளைக் காலவரிசையில் படித்தால் மறக்காது. மருந்து தொடங்கிய சில மணி நேரம் முதல் சில நாட்களில் கழுத்தோ கண்ணோ ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் டிஸ்டோனியா. நாட்கள், வாரங்களில் உட்கார முடியாத தவிப்பான அகாதிசியாவும், கைநடுக்கம், விறைப்பு, அசைவு மந்தம் ஆகிய பார்க்கின்சன் அறிகுறிகளும். மாதங்கள், ஆண்டுகள் கழித்து வாயும் நாக்கும் தானாக அசையும் டார்டிவ் டிஸ்கைனீசியா. மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பாதையிலும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலை தடுக்கப்படுவதுதான் இவற்றின் அடிப்படை.

இவற்றில் அகாதிசியாவைத்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். வராந்தாவில் ஓயாமல் நடப்பவரைக் கிளர்ச்சி என்று எழுதிவிட்டால், அதே மருந்தின் அளவு கூடும், தவிப்பு இன்னும் மோசமாகும். “உள்ளுக்குள்ள ஏதோ தள்ளுதா? கால் சும்மா இருக்க மாட்டேங்குதா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மருந்து எப்போது தொடங்கியது, அளவு எப்போது கூடியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காய்ச்சல், குழாய்போன்ற விறைப்பு, நினைவுக் குழப்பம், ஏறி இறங்கும் ரத்த அழுத்தம் நான்கும் சேர்ந்து வந்தால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சின்ட்ரோம் என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்த டோஸைக் கொடுக்காமல் நிறுத்தி மருத்துவரை அழைக்கும் அவசரநிலை இது. மனச்சோர்வு மருந்துகள் போன்றவற்றால் உடலில் செரடோனின் அளவுக்கு மீறும்போது வரும் செரடோனின் சின்ட்ரோமும் இதேபோலத் தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வரும், தசைத் துடிப்பும் அதிகரித்த அனிச்சைச் செயலும் தெரியும். முந்தையது பொதுவாகச் சில நாட்களில் உருவாகிறது, அதில் விறைப்பு முன்னிற்கும். இந்த ஒப்பீடு தேர்வாளர்களுக்குப் பிடித்த கேள்வி.

மனநிலை ஏற்றஇறக்கத்தைச் சீராக்கத் தரும் லித்தியத்துக்குத் தனி அட்டை வேண்டும். ரத்த மாதிரியைக் கடைசி டோஸுக்குப் பின் 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். காலை டோஸைக் கொடுத்துவிட்டு எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். நீண்டகாலச் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் பொதுவான இலக்கு. 1.5ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை எதிர்பார்க்கலாம். முதியவர்களுக்கு அதற்குக் கீழேயும் வரும். வாந்தி, வயிற்றுப்போக்கு, பெரிய அளவிலான கைநடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம் ஆகியவை முன்னறிகுறிகள். உடலில் நீரோ உப்போ குறைந்தாலும், இபுப்ரொஃபென் வகை வலி மாத்திரை சேர்ந்தாலும் லித்தியம் அளவு ஏறும், ஏனென்றால் சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் தக்கவைத்துக்கொள்கிறது. குளோசபைன் என்ற மனச்சிதைவு மருந்தில் வெள்ளணு எண்ணிக்கையை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், மலச்சிக்கலை மறந்துவிடுவார்கள். அது குடலடைப்பாகி உயிரையே எடுக்கலாம். தினமும் கேட்டு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் குளோசபைன் நின்றுவிட்டால் பழைய அளவைக் கொடுக்கக் கூடாது. குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதால் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மருந்தளவுக் கணக்கின் சூத்திரம் எளிது. வேண்டிய அளவை, கையிலிருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மில்லிலிட்டரால் பெருக்குங்கள். ஃப்ளூபெனசின் டெக்கனோயேட் 1 மி.லி.யில் 25 மி.கி. இருக்கிறது, உத்தரவு 37.5 மி.கி. என்றால் 1.5 மி.லி. ஆபத்து பெரும்பாலும் பெயரில் இருக்கிறது. ஹாலோபெரிடாலும் ஹாலோபெரிடால் டெக்கனோயேட்டும் ஒன்றல்ல. முதலாவது அவசரத்துக்கு, இரண்டாவது பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை தசையில் போடும் எண்ணெய் ஊசி. டெக்கனோயேட்டை ரத்தக்குழாய் வழியாக ஒருபோதும் செலுத்தக் கூடாது. தவறாகப் போட்டால் திரும்ப எடுக்க முடியாது, வாரக்கணக்கில் உடலில் தங்கும். ஆம்பூலில் பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள்.

உடலை மறந்துவிடாதீர்கள்

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பகுதி இதயநோய், சர்க்கரை, நுரையீரல் நோய்களால். ஆகவே முதலாண்டு உடற்கூறியலை ‘நமக்கு எதற்கு’ என்று ஒதுக்குவது பெரிய பிழை. எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும் முன் அளந்து, குறித்த இடைவெளிகளில் திரும்ப அளக்க வேண்டும். ஒரு முதியவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பி, மாலையில் அதிகமாகி, இல்லாத பூச்சிகளைப் பார்க்கிறார் என்றால் உடல் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பமான டெலிரியத்தை முதலில் நினையுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிய மருந்து, நீரிழப்பு என்று தேடத் தொடங்க வேண்டும். ‘மனநோயாளிதானே’ என்று விட்டால் காரணம் உள்ளேயே வளரும்.

வார்டு பயிற்சி

முதல் நாளில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அலாரம் எங்கே, வெளிவாசல் எந்தப் பக்கம், இன்று யார் யார் தனிக் கண்காணிப்பில் இருக்கிறார்கள். பேச உட்காரும்போது கதவுக்கு அருகில் நீங்கள் உட்காருங்கள், ஆனால் அவர் வெளியேறும் வழியை மறிக்காதீர்கள். அடைபட்டதாக உணர்பவர் தாக்கக்கூடும். அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டை, இழுத்தால் கழன்று வரும் வகையாக இருக்கட்டும்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய நோயாளியைச் சரியாக 15வது நிமிடத்தில் பார்ப்பது தவறு. நேரம் ஊகிக்கக்கூடியதாக இருந்தால், நடுவில் தனக்கு எவ்வளவு அவகாசம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். இடைவெளி 15 நிமிடத்தைத் தாண்டாமல், ஒவ்வொரு முறையும் நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். பார்க்காத நேரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு வேலை நெருக்கடியானாலும் இதில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை.

எழுத்துப் பணிகள்

நோயாளியின் பராமரிப்புத் திட்டமான கேர் பிளானில் ‘மனச்சிதைவு நோய்’ என்று நர்சிங் பிரச்சினையாக எழுதுவது பழைய பிழை. அது மருத்துவர் வைக்கும் பெயர். உங்களுடையது, “விஷம் வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையால் உணவு உட்கொள்ளல் குறைந்துள்ளது. கடந்த 3 நாட்களில் 2 கிலோ எடை இழப்பு” என்று பிரச்சினை, காரணம், சான்று மூன்றும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இலக்கையும் அளக்கும்படி எழுதுங்கள். “நன்றாகச் சாப்பிடுவார்” என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. “48 மணி நேரத்துக்குள், மூடி முத்திரையிட்ட உணவில் பாதியையாவது வேளைதோறும் உண்பார்” என்பதைச் சரிபார்க்கலாம்.

பயிற்சியில் நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் சிந்தனைக் கட்டுரைக்குப் பெரும்பாலும் கிரஹாம் கிப்ஸ் வகுத்த ஆறு படிகள் கேட்கப்படும். 1000 சொல் என்றால் நிகழ்வுக்கு 150, உணர்வுக்கு 100, மதிப்பீட்டுக்கு 150, பகுப்பாய்வுக்கு 350, முடிவுக்கு 100, அடுத்த முறைக்கான திட்டத்துக்கு 150 என்று பங்கிடுங்கள். பெரும்பாலோர் கதையிலேயே 600 சொல்லைச் செலவழித்துவிடுகிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் அடையாளம் மறையாது. ஊர், தொழில், வயது, அரிதான நிகழ்வு நான்கும் சேர்ந்தால் யாரென்று தெரிந்துவிடும்.

நோய் வகைப்பாட்டில் எந்த நூலின் அளவுகோலை எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். மனச்சிதைவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 ஒரு மாத அறிகுறிகளைக் கேட்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 மொத்தம் ஆறு மாதம் கேட்கிறது. இரண்டையும் கலந்து எழுதினால் மதிப்பெண் போகும். சட்டப் பாடத்தைப் பிரிவு எண்களாகப் படிக்காமல் ஒரு நோயாளியின் பாதையாக வரையுங்கள். விருப்பமின்றி யார் சேர்க்கலாம், எத்தனை நாள், யார் மறுஆய்வு செய்வார், அவர் யாரிடம் முறையிடலாம். எண்கள் தாமாக வந்து உட்காரும்.

உங்கள் மனம்

அசாதாரண உளவியல் படிக்கும்போது பக்கத்துக்கு ஒரு நோய் தனக்கிருப்பதாகத் தோன்றுவது சகஜம், பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ உண்மையிலேயே மனநோயோ தற்கொலை இழப்போ இருந்திருந்தால், அந்த வகை வார்டுக்குப் போகும் முன்பே பயிற்சிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். போஸ்டிங் வரிசையை மாற்றித் தர முடியும். நடுவில் உடைந்துபோன பிறகு மாற்றுவது கடினம். தூக்கம் இரண்டு வாரம் கெட்டாலோ, ஒரு நோயாளியை விடுப்பு நாளிலும் நினைத்துக்கொண்டே இருந்தாலோ, ஒருவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தத் தோன்றினாலோ சூப்பர்விஷனில் அதை முதல் பேச்சாக வையுங்கள். இரவு ஷிப்ட் முடித்த காலையில் புதிய பாடம் படிக்காதீர்கள். அட்டைகளைப் புரட்டிவிட்டுத் தூங்குங்கள்.

போஸ்டிங் முடியும் தேதியை நோயாளியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். முடிய ஒரு வாரம் இருக்கையில் நினைவூட்டுங்கள். உறவு முடிவதும் சிகிச்சையின் ஒரு கட்டம்தான். கைவிடப்பட்ட அனுபவம் உள்ள ஒருவரிடம் சொல்லாமல் போனால், அதே காயத்தை நீங்களும் ஒருமுறை கீறிவிட்டுப் போகிறீர்கள். கைபேசி எண் கேட்டால், “எங்களுக்கு அது அனுமதி இல்லை. நாளையிலிருந்து உங்களோட பேசப்போறவங்க இவங்க” என்று வார்டு நர்ஸை அருகில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். அன்று அவர் பேச மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன நிமிடம்வரை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதையும் குறிப்பில் எழுதுங்கள்.